மார்த்தாண்டத்துல தனியா போயி மரச்சீனியும் மீனும் சாப்பிட ஒரு கடை

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில மார்க்கெட் பக்கமா திரும்புனா ஒரு சின்ன ஓட்டுக்கடை, போர்டு கூட கிடையாது, மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி தான்) மீன்கறியும் தான் அங்க விசேஷம். கிழங்க அவிச்ச தண்ணிய முழுசா வடிச்சுட்டு தான் தேங்கா, சீரகம், பச்சமிளகா, மஞ்சள் சதைச்சுப் போட்டு மசிக்காவ, சரியா வடிக்காட்டா ஒரு கசப்பு நிக்கும்லா, இங்க அது துளி கூட இல்ல. சாளைக்கறியில (சாளைன்னா மத்தி மீன்) மாங்கா போடுகாவ. புளிமுளம்னு ஒரு மீன்கறி, இருக்கான்னு கேட்டு வாங்குங்க, கெட்டியா, புளிப்பும் எரிப்புமா கிழங்குக்கு அப்படி ஒரு சேர்த்தி.

ஆனா நான் இவ்வளவு எழுதுகதுக்கு காரணம் ருசி மட்டும் இல்ல. ஒரு பொம்பள தனியா ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டா என்ன நினைப்பாவளோன்னு சின்ன வயசுல பசியோட பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவிய நம்மள்ல எத்தன பேரு! அதுலயும் கிழங்குன்னா கேக்கவே வேண்டாம். திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் 1880-கள்ல பரப்புன பயிரு, ரெண்டாம் உலகப்போர்ல பர்மா அரிசி நின்னப்பம் திருவிதாங்கூர்ல (நம்ம ஊரும் அப்பம் அதுல தான்) எத்தனயோ குடும்பத்துக்கு பசி ஆத்துனது இது தான், ஆனாலும் விருந்தாளி வந்தா எங்க அம்ம கிழங்குச்சட்டிய மூடி உள்ள வச்சிருவாவ, ஏழைச் சாப்பாடுன்னு நினைச்சிருவாவளாம்.

இப்பம் அம்பது தாண்டியாச்சு. அந்த கூச்சம் எப்பம் போச்சுன்னே தெரியல. போன தடவ பக்கத்து டேபிள்ல சொந்தக்காரவிய, "தனியாவா வந்திய?"ன்னு ஒரு மாதிரி கேட்டாவ, ஆமான்னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி கறி ஊத்தச் சொன்னேன், மனசுல ஒண்ணுமே தோணல, கறி நல்லாருக்குன்னு மட்டும் தான் தோணிச்சு. பெத்த பிள்ளைய கரையேத்தி, ஆஸ்பத்திரி, சாவு எல்லாம் பாத்த பிறகு அடுத்தவிய முகத்தப் பாத்து பயப்பட எங்க நேரம்?

கடைக்காரவியளும் அதுக்கு ஏத்தவிய. ஒத்தைக்கு வந்தவன்னு மூலையில தள்ள மாட்டாவ, "எக்கா, இங்க காத்து வரும்"னு ஜன்னல் பக்கமே இடம் தந்தாவ, வெரட்டவும் இல்ல, கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) குடிச்சு முடிக்கது வரை பில் கொண்டு வைக்கல.

குறைன்னா வண்டி நிறுத்த இடம் இல்ல, கை கழுவுற இடம் எப்பமும் ஈரமா கெடக்கும், வயசானவிய பாத்து நடக்கணும். ஒரு மணிக்கு முன்ன போயிருங்க, பிறகு சாளை தீந்துரும், வெறும் கிழங்கும் சம்மந்தியும் (துவையல்) தான் கிடைக்கும்.