கரண்ட் வைத்து அனுப்பினால் பயிற்சி முடிந்துவிடாது

பக்கவாதம் வந்தவருக்கு பிசியோதெரபி என்று மாதக்கணக்கில் பணம் கட்டியும் கை கால் அப்படியே இருந்தால், "நோய் அப்படி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதை நம்புவதற்கு முன் அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பெரும்பாலும் இப்படித்தான். படுக்க வைத்து, முன்கையில் இரண்டு பேட் ஒட்டி, இருபது நிமிடம் கரண்ட். தெரபிஸ்ட் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். திரும்பி வந்து கை காலை மடக்கி நீட்டி விடுவார். கடைசியில் கொஞ்ச நேரம் கப்பிக் கயிறு, பிறகு கையில் ஒரு பந்து. நோயாளி தன் முயற்சியில் தசையை இயக்கிய நேரம் என்று பார்த்தால் அந்தப் பந்தை அமுக்கியது மட்டுமே.

பக்கவாதத்தில் அடிபட்டது மூளை. கட்டளை வராததால் தசை சும்மா கிடந்து மெலிகிறது. நோயாளியே முயன்று, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அதை மறுபடி கற்கும். அடுத்தவர் மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமல் இருக்க உதவலாம், பலம் தராது. கரண்டும் வீண் என்று சொல்லவில்லை. அது பாயும் அதே நொடியில் "மணிக்கட்டைத் தூக்குங்க" என்று சொல்லி அவரையும் தூக்க வைத்தால் பயன் உண்டு. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால் தசை துள்ளும், அவ்வளவுதான்.

கப்பிக்கு மட்டும் கண்டிப்பாக மறுப்புச் சொல்லுங்கள். நல்ல கை இழுக்க, பலமில்லாத கை மேலே போகும். ஆனால் தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாது, நடுவில் இருக்கும் தசைநார் நசுங்கும். தோள்வலி வந்துவிட்டால் கைப் பயிற்சியே நின்றுபோகும். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்குவதும் இதே கேடுதான். வீட்டில் நாமும் செய்கிற தப்பு இது. பந்து விஷயத்தில், பலருக்கு விரல் மடங்கத்தான் செய்கிறது, விரிவதில்லை. பிடித்த டம்ளரை விடுவதுதான் அவருக்குக் கஷ்டம் என்றால், பந்தை அமுக்க வைத்து என்ன பயன்?

ஒழுங்கான இடத்தில் முதல் நாளே ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 2 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியாது. மேசை மேல் கையை வழுக்கி நகர்த்தும் பயிற்சி. 3 என்றால் எதிர்த்துத் தூக்கலாம். அதைத் தாண்டினால் எடை, ரப்பர் பட்டை.

காலுக்கு நாற்காலியிலிருந்து எழுவதைப் போல எளிதான பயிற்சி இல்லை. உயரமான இருக்கையில் தொடங்க வேண்டும். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால், குதிகால் தரையில். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். கெட்டுப்போவது இங்கேதான்: எல்லாரும் நல்ல காலிலேயே முழுப் பாரத்தையும் போட்டு எழுந்துவிடுவார்கள். நல்ல பாதத்தை அரை அடி முன்னால் தள்ளி வைத்தால் பலமில்லாத கால் வேலை செய்தே ஆக வேண்டும். விழாமல் பிடிக்க அந்தப் பக்கம் ஒருவர் நிற்கட்டும். பத்துப் பத்தாக மூன்று தடவை. கடைசி இரண்டு முறை திணற வேண்டும். திணறவில்லை என்றால் இருக்கையைத் தாழ்த்துங்கள். மூச்சை அடக்கி எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறும், எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வைத்தால் போதும்.

பணம் கட்டுமுன் இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார், 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி. நான்கு வாரம் கழித்து அதே நாற்காலி, அதே தூரம். "முன்னேற்றம் தெரியுதே" என்ற வாய்வார்த்தை கணக்கில் வராது. "மூன்று மாதத்தில் கேரண்டி" என்று சொல்லி மொத்தமாக முன்பணம் கேட்பவரிடம் கட்டாதீர்கள்; மூளையில் எங்கே, எவ்வளவு அடி என்பதைப் பொறுத்த விஷயத்துக்கு யாரும் தேதி குறிக்க முடியாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2023-இல் சொன்னது, பேச்சுப் பயிற்சி எல்லாம் சேர்த்து வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரமாவது வேண்டும் என்று. முக்கால் மணி நேரம் அதற்குப் போதாது. ஆகவே வீட்டில் செய்யவேண்டியதை எழுதித் தராத தெரபிஸ்ட் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

இன்னொன்று. பலமில்லாத காலின் கெண்டைச்சதை திடீரென வீங்கி, சூடாக, வலித்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். "நீர் கோத்திருக்கு" என்று யாரையும் நீவிவிட விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.