ஒரு மாதத்தில் நாவலா, கிழமைக்கு ஒரு கதையா?

எங்கள் வாட்ஸ்அப் எழுத்துக் குழுவில் 14 பேர். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று வன்னி முழுக்கப் பரந்திருக்கிறோம். எழுத ஆசை எல்லோருக்கும் உண்டு, எழுதி முடிப்பதுதான் நடப்பதில்லை. அதற்காகவே சில சவால்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தோம்.

முதலில் எடுத்தது நானோரைமோ. நவம்பர் மாதத்தின் 30 நாளில் 50,000 சொல்லில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுத வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 1,667 சொல். 1999 ஜூலையில் கிறிஸ் பேட்டி என்பவர் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் 21 பேருடன் தொடங்கியது இது. அடுத்த வருடமே நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள். வெளியே காலநிலை மோசமாக இருந்தால் ஆட்கள் வீட்டுக்குள் இருந்து எழுதுவார்கள் என்பது கணக்கு. அதை நடத்திய அமைப்பு 2025 மார்ச்சில் மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் விதி எளிது, யாரும் எங்கிருந்தும் செய்யலாம்.

அந்தக் கணக்கு வன்னியில் தலைகீழ். மழை இங்கே ஆட்களை வயலுக்கு இழுக்கும். காலபோகம் விதைத்த வீட்டில் வரம்பு உடைத்தால் அப்போதே போய்க் கட்ட வேண்டும், இரவில் பன்றிக்குக் காவல் இருக்க வேண்டும். அப்புறம் கார்த்திகை 27, அதாவது நவம்பர் 27 மாவீரர் நாள் நெருங்குகிறது. அந்த நாட்களில் பல வீடுகளில் சொல் எண்ணிக்கை பார்க்கிற மனம் யாருக்கும் இருப்பதில்லை. அந்தக் கிழமையில் எழுத்து நின்றுபோனால் அதைத் தோல்வி என்று எழுதக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொன்று, அந்த 50,000 ஆங்கிலத்துக்கு வைத்த அளவு. ‘போகவேண்டியிருந்ததால்’ என்பது நமக்கு ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். அதே நீளக் கதைக்குத் தமிழில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். இது தெரியாமல் முதல் வருடம் நாங்கள் எல்லோரும் எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டோம். தமிழில் செய்கிறவர்கள் 30,000 என்று வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

இருந்தாலும் இந்தச் சவாலுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. திரும்பிப் பார்த்துத் திருத்த நேரமே கிடைக்காததால், ‘நான் எழுதுவது நன்றாக இருக்குமா’ என்ற பயம் பத்தாம் நாளோடு போய்விடும். எங்கள் குழுவில் ஒரு ரீச்சர் பல வருடமாகத் தொடங்கித் தொடங்கி விட்டிருந்த கதையின் பாதியை அந்த மாதத்தில்தான் தாண்டினார்.

இரண்டாவது, நாளுக்கு 100 சொல். போனிலேயே தட்டிவிடலாம். நெடுங்கேணி அண்ணன் ஒருவர் யானைக்குக் காவல் இருந்த பரணிலிருந்தே எழுதி அனுப்பினார். கை பழகுவதற்கு இது நல்லது. ஆனால் மூன்று மாதம் போனபின் கையில் இருப்பது 90 துண்டுகள். அவை ஒரு கதையாகத் தாமாகச் சேராது.

மூன்றாவதுதான் எங்களைப் பிடித்து வைத்தது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது தமிழில் பழைய வழக்கம். நான்காவது அடி தயாராக இருக்கும், அதற்குப் போய்ச் சேரும் மூன்று அடிகளைப் புலவர் கட்ட வேண்டும். அதையே கதைக்கு எடுத்தோம். திங்கட்கிழமை ஒருவர் கடைசி வரியைத் தருவார். மற்றவர்கள் ஞாயிறு இரவுக்குள் அந்த வரியில் முடிகிற கதையை எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசகர் ஒதுக்கப்படுவார். அவர் ‘நல்லா இருக்கு’ என்று விட்டுவிட முடியாது, கதையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. என் கதையைப் படித்த அக்கா ஒருவர் கேட்டார்: “தம்பி, அந்தக் கிழவி பிறகு தன்ர காணிக்குப் போனவவோ?” அதற்குப் பதில் எனக்கே தெரியாது. அதற்காகவே அடுத்த கதையை எழுதினேன். ஒரு மாதத்தில் எத்தனை சொல் என்ற அட்டவணை என்னை இப்படி மேசைக்கு இழுத்ததே இல்லை.

பரிசுப் போட்டிகளையும் சொல்ல வேண்டும். முடிவுத் திகதி இருப்பது உதவிதான். ஆனால் 1985இல் தெரேசா அமாபிலே என்ற உளவியலாளர் எழுதுகிற ஆட்கள் 72 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். பணம், பேர் போன்ற வெளிக் காரணங்களைச் சற்று நேரம் நினைக்க வைத்த பிறகு எழுதியவர்களின் கவிதைகள், மற்றவர்களுடையதைவிடப் படைப்புத்திறனில் குறைந்ததாக மதிப்பிடப்பட்டன. என் அனுபவமும் அதுதான். நடுவருக்குப் பிடிக்குமா என்று யோசித்து எழுதிய கதைகளில் ஒன்றைக்கூட இன்று திரும்ப வாசிக்க மனம் வருவதில்லை. எழுதி முடித்த கதையைப் போட்டிக்கு அனுப்புங்கள், போட்டிக்கென்று எழுதாதீர்கள்.

கையில் நாவல் ஒன்று பாதியில் நிற்கிறவருக்கு நான் முப்பது நாள் சவாலைத்தான் சொல்வேன், ஆனால் நவம்பரில் வேண்டாம். அரிவு வெட்டு முடிந்து, சிறுபோகம் தொடங்குமுன் பங்குனியில் வைத்துக்கொள்ளலாம். நாங்களும் அடுத்த முறை அப்படித்தான் செய்யப்போகிறோம். புதிதாக எழுத வருகிறவர்கள் கிழமைக் கதைக்கு வாருங்கள். இந்தக் கிழமை வரி கொடுப்பது புதுக்குடியிருப்பு அக்காவின் முறை. காலையில் அனுப்பிவிட்டார்: “குளம் வான் பாயிற சத்தத்தில்தான் அவர் கண் முழித்தார்.”