ஆபரேஷனுக்காக சிகரெட்டை விட்டவன் எழுதுவது: நிகோட்டின் பேட்ச், கம், ஆலோசனைச் சேவை, காப்பீட்டு முகவர்

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகோட்டின் பேட்ச், அதாவது தோலில் ஒட்டினால் சிகரெட்டில் உள்ள நிகோட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் ஒட்டி, நல்ல பொருள், கொடுத்த காசுக்குத் தகும். நிகோட்டின் கம் உதவும், ஆனால் அதை மெல்லும் விதம் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் கிடைத்த புகைவிடும் ஆலோசனைதான் எல்லாவற்றிலும் சிறந்தது. காப்பீட்டு முகவரின் சேவை மிக மோசம்.

நான் பொதுவாக சிகரெட்டை விட நினைப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்க வேண்டும், அதற்குக் காப்பீடு பணம் தர வேண்டும், அதற்கு முன்னால் உடம்பில் நிகோட்டின் இல்லை என்று பரிசோதனையில் காட்ட வேண்டும், இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். இவர்களுக்குக் கணக்கே வேறு. சும்மா விடுபவர் பேட்ச்சை அட்டவணைப்படி நிதானமாக ஒட்டிக்கொள்ளலாம். நமக்கு அந்தப் பேட்ச்சையே எப்போது கழற்றுவது என்பதுதான் பெரிய கேள்வி.

முதலில் பணம். சிங்கப்பூரில் மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மெடிசேவும் (சம்பளத்தில் பிடித்து மருத்துவச் செலவுக்கென ஒதுக்கும் சேமிப்பு) மெடிஷீல்டு லைஃபும் (அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடு) கைகொடுக்கும், அழகுக்காகச் செய்தால் கிடையாது. இங்கே மருத்துவர்கள் பார்க்கும் அளவு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 37.5 அல்லது அதற்கு மேல். நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவை கூட இருந்தால் 32.5 போதும். மேற்கு நாடுகளில் வழக்கமாகச் சொல்லிவந்த 40, 35 அளவுகளைவிட இது குறைவு, ஏனென்றால் ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய் வந்துவிடுகிறது, நம் இந்தியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்கு நீரிழிவும் உண்டு, எடையும் அந்த அளவைத் தாண்டியிருந்தது, அதனால் தகுதியில் பிரச்சினை இல்லை. பிரச்சினை சிகரெட்டில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் என் மச்சான் டெக்சாஸில் இருக்கிறார், அவரும் இதே சிகிச்சைக்குப் போனவர், அவர் சொன்னதைக் கேட்டு நான் முதலில் ரொம்பப் பயந்துவிட்டேன். அமெரிக்காவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி தரும்போதே புகைபிடிப்பதை நிறுத்தியதற்கு ஆதாரம் கேட்கின்றன, நிகோட்டின் பரிசோதனை சரியாக வந்தால்தான் கோப்பு நகரும். இங்கே எனக்கு நடந்தது அப்படி இல்லை. சிகரெட் விஷயத்தில் கதவருகே நின்றது காப்பீடு இல்லை, அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவும்தான். அவர்கள் தேதி கொடுத்தால்தான் ஆபரேஷன், ஆபரேஷன் நடந்தால்தான் மருத்துவமனை மெடிஷீல்டு லைஃபுக்கு விண்ணப்பிக்கும். ஆக, சுற்றிவளைத்துப் பார்த்தால் இங்கேயும் சிகரெட்டை விட்டால்தான் பணம்.

நிபுணர் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, வெட்டித் தைத்த இடத்துக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்தால் புண் ஆறாது, கசிவு வரலாம். பைபாஸ் முறையில் இரைப்பையையும் சிறுகுடலையும் இணைக்கும் இடத்தில் அல்சர் வரும் ஆபத்து புகைபிடிப்பவர்களுக்கு மிக அதிகம், அது ஆபரேஷன் முடிந்து வருடங்கள் கழித்து மறுபடி புகைக்க ஆரம்பித்தாலும் வரலாம். எனக்குச் செய்தது ஸ்லீவ், அதாவது இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். அவர் கேட்டது ஆபரேஷனுக்குக் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அப்புறம் தொடவே கூடாது என்பது. இதை அவர் என்னிடம் விளக்கிச் சொன்ன விதத்துக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அதட்டவில்லை, வெட்கப்பட வைக்கவும் இல்லை.

இப்போது பேட்ச். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிற ஆள் நான், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். அதனால் 21 மில்லிகிராமில் ஆரம்பித்து, அப்புறம் 14, அப்புறம் 7 என்று இறக்கினார்கள். காலையில் குளித்துவிட்டு உடம்பை நன்றாகத் துடைத்து, முடி இல்லாத இடத்தில் ஒட்ட வேண்டும், தினமும் இடம் மாற்ற வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு வியர்வையில் கழன்று வரும் என்று நினைத்தேன், நான் வேலை பார்ப்பதோ ஜூரோங்கில், பாதி நேரம் வெயிலில். மேல் கையில் ஒட்டி பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மாலை வரை நிற்கிறது. அரிப்பு வந்தது, இடம் மாற்றினால் குறைந்தது. இரவில் ஒட்டியபடியே படுத்தால் கனவுகள் பயங்கரமாக வந்தன, மருந்தாளரிடம் சொன்னேன், படுக்கும் முன் கழற்றிவிடச் சொன்னார், சரியாகிவிட்டது. பேட்ச்சின் பெரிய நன்மை, நாள் முழுக்க ஒரே சீராக அடியில் ஒரு பிடிமானம் இருக்கிறது. எரிச்சல், கவனம் சிதறுவது, வீட்டில் எல்லோரிடமும் சள்ளென்று விழுவது, இதெல்லாம் பாதியாகக் குறைந்தது. என் மனைவியைக் கேட்டால் இன்னும் அதிகம் குறைந்தது என்பாள்.

விலை அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் விட்டபோது ஒரு பாக்கெட் சிகரெட் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் விற்றது, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்றால் வாரத்துக்கு நூறு வெள்ளிக்கு மேல். பேட்ச் அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இதைத் தப்பாக மென்றுவிட்டு உதவவில்லை என்கிறார்கள். சூயிங் கம்மையே 1992-ல் தடை செய்த நாடு இது, 2004-ல்தான் இந்த மாதிரி சிகிச்சைக்கான கம்முக்கு வழிவிட்டார்கள், மருந்தாளர், பல் மருத்துவர் வழியாக. அதனால் நம்மில் பலருக்குக் கம் மென்ற பழக்கமே இல்லை. இதைச் சாதாரணக் கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரமாகச் சுரீரென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். இன்னொன்று, கோப்பி, பழச்சாறு, குளிர்பானம் குடித்த உடனே போட்டால் வேலை செய்யாது, 15 நிமிடம் விட வேண்டும். எனக்கு சிகரெட் ஆசை வருவதே காப்பிக்கடையில் கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காப்பி, கையில் இருக்கும்போதுதான், அந்த நேரத்துக்குக் கம் உதவாது என்றால் பெரிய குறைதான். நான் கோப்பியை முடித்துவிட்டு எழுந்து நடந்துவிடுவேன், பல நாள் ஆசையும் அதற்குள் போயிருக்கும். பேட்ச்சோடு சேர்த்துத் திடீர் ஆசைக்கு மட்டும் கம் என்று வைத்துக்கொண்டால் நல்ல ஜோடி.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புகைக்கிறோமா இல்லையா என்று பார்க்க இரண்டு வகைப் பரிசோதனை உண்டு. ஒன்று ஊதிப் பார்ப்பது, அது மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கிறது. பேட்ச், கம் எதுவும் அதில் தெரியாது, புகைத்திருந்தால் மட்டும் காட்டும், ஆனால் ஒரு நாள் நிறுத்தியிருந்தாலே அளவு இறங்கிவிடும். இன்னொன்று கோட்டினின், நிகோட்டினை உடம்பு உடைக்கும்போது வரும் பொருள், சிறுநீரிலோ ரத்தத்திலோ எச்சிலிலோ பார்ப்பார்கள். இதற்கு நிகோட்டின் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சிகரெட்டை மாதக்கணக்கில் தொடாதவர் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்வார். மச்சானுக்கு நடந்தது அதுதான். பேட்ச்சோடு போய்ப் பரிசோதனை கொடுத்தார், காப்பீட்டுக் கோப்பு நின்றுவிட்டது. பிறகு அவருடைய மருத்துவர் அனபசின் என்ற பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அது புகையிலைச் செடியில் இருக்கும் பொருள், பேட்ச்சிலும் கம்மிலும் இருக்காது. அது சரியாக வந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

எனக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் ஊதச் சொன்னார்கள், கடைசியில் சிறுநீரில் கோட்டினின். இதை மருத்துவமனையில் என் புகைவிடும் ஆலோசகர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, சிறுநீர்ப் பரிசோதனைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த வாரம் 14, எந்த வாரம் 7, எந்த நாள் கடைசிப் பேட்ச் என்று எழுதிக் கொடுத்தார். கடைசிப் பேட்ச்சுக்கும் பரிசோதனைக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விட்டார். கடையில் பேட்ச் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தானாகக் கிடைக்காது, பெட்டியில் அச்சடித்திருப்பது பொதுவான அட்டவணைதான். அதனால்தான் ஆலோசனைச் சேவைக்கு முதல் இடம் கொடுக்கிறேன். மருத்துவமனை மூலம் கிடைக்காதவர்கள் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன் 1800 438 2000 எண்ணில் பேசலாம். அவர்களுடைய 28 நாள் ஐ குவிட் திட்டமும் இருக்கிறது. அழைக்கும்போது ஆபரேஷன் விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

எடை ஏறுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. சிகரெட்டை விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது, அது உண்மை. ஏற்கனவே பருமனால் ஆபரேஷனுக்குப் போகிறவனுக்கு இன்னும் ஏறுவதா? நிபுணரிடம் கேட்டேன், உணவு ஆலோசகரிடமும் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றேதான்: அந்தச் சில கிலோவை ஆபரேஷனுக்குப் பின் சமாளிக்கலாம், கசிவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கை சும்மா இருக்கும் நேரத்தில் முறுக்கு, பக்கோடா என்று போகாமல் வெள்ளரிக்காய் நறுக்கி டப்பாவில் எடுத்துப்போனேன். எனக்குக் கொஞ்சம் ஏறியது, ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் கொடுத்த பானம் மட்டும் குடிக்கும் உணவு முறையில் அது இறங்கிவிட்டது.

வேப் (மின்-சிகரெட்) பிடித்து சமாளிக்கலாமா என்று வேலையிடத்தில் ஒரு தம்பி கேட்டார். வேண்டவே வேண்டாம். 2018-லிருந்து இங்கே அதை வைத்திருப்பதே குற்றம், நிகோட்டின் உள்ள வேப் என்றால் கோட்டினினிலும் காட்டிக்கொடுக்கும். வெற்றிலையோடு புகையிலை, குட்கா, கைனி போடுபவர்களும் கவனியுங்கள், புகை வராததால் ஊதும் கருவியில் தப்பினாலும் சிறுநீரில் தப்ப முடியாது, குட்காவும் கைனியும் இங்கே தடை செய்யப்பட்டவையும்கூட.

கடைசியாக அந்த முகவர். பெயரும் நிறுவனமும் வேண்டாம். மெடிஷீல்டு லைஃப் பொது மருத்துவமனையில் அரசு மானியம் உள்ள பி2, சி வார்டுகளை மனதில் வைத்து அமைத்த திட்டம், முதலில் நாமே கட்ட வேண்டிய தொகையும் அதற்கு மேல் நம் பங்கும் உண்டு. அதனால் வேலையிடத்தின் குழுக் காப்பீடு கொஞ்சம் தருமா என்று அவரிடம் கேட்டேன். "கவலையே படாதீங்க அண்ணே, எல்லாம் கவர் ஆகும்" என்றார். எழுத்தில் கேட்டபோது வாரக்கணக்கில் பதில் இல்லை. கடைசியில் நானே பாலிசியின் விலக்குப் பட்டியலைத் தேடிப் படித்தேன், உடல் பருமனுக்கான சிகிச்சை அதில் தெளிவாக இருந்தது. அதைவிட மோசம், தனியாக ஆயுள் காப்பீடு எடுக்கலாம் என்று ஒரு படிவத்தோடு வந்தவர், "புகைபிடிப்பதில்லைன்னு டிக் பண்ணிடுங்க அண்ணே, யாரு பார்க்கப் போறா" என்றார். நான் செய்யவில்லை. பொதுவாகக் கடந்த 12 மாதத்தில் நிகோட்டின் தொட்டிருந்தால் புகைப்பவர் கட்டணம்தான், பொய் சொல்லி எடுத்தால் நாளைக்குக் குடும்பத்துக்குப் போக வேண்டிய பணத்தையே மறுத்துவிடலாம். இப்படிச் சொல்கிற ஆளிடம் எதையும் வாங்காதீர்கள்.

செலவு பற்றி உருப்படியான பதில் தந்தது மருத்துவமனையின் நிதி ஆலோசகர்தான். எந்த வார்டு, மெடிசேவிலிருந்து எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு என்று மதிப்பீட்டைத் தாளில் அச்சடித்தே தந்தார். நிபுணரைப் பார்க்கும் முதல் நாளிலேயே அவரையும் பார்க்க நேரம் கேளுங்கள். மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் நிறுவனத்திடம் எடுக்கும் ஷீல்டு திட்டம் வைத்திருப்பவர்கள் உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கி அவரிடம் காட்டுங்கள். அப்படியே எந்தப் பரிசோதனை, எந்தத் தேதி என்று குழுவின் தாதியிடம் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு போய் பேட்ச் வாங்குங்கள்.