எஸ்கேபி: தோற்றுப்போனால் பாக்கெட் யாருடையது?

எஸ்கேபி (sk_buff) என்பது லினக்ஸ் கெர்னல் நெட்வொர்க் பாக்கெட்டை வைத்துக்கொள்ளும் பஃபர் கட்டமைப்பு. அந்தக் கெர்னலுக்கு ஈதர்நெட் டிரைவர் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எஸ்கேபி பேட்டு எரர் கொடுத்தால் பஃபரை நான் விடுவிக்கணுமா?" குட்டைப் பாக்கெட்டைத் தேவையான நீளத்துக்கு நிரப்பும் பங்க்ஷன் அது (skb_padto). வேண்டாம், அதுவே விடுவித்துவிடும், நீங்களும் விடுவித்தால் டபுள் ஃப்ரீ, அதாவது ஒரே மெமரியை இருமுறை விடுவிக்கும் பிழை. பதில் அவ்வளவுதான். ஆனால் எஸ்கேபியோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெட்டர் சேர்க்க டேட்டாவை நகர்த்த வேண்டாம். முன்னால் ஒதுக்கிய இடத்துக்குள் பாயிண்டரைப் பின்னுக்கு இழுத்தால் போதும். குளோன் எடுத்தால் மேல் கட்டமைப்பு மட்டும்தான் நகலாகிறது, டேட்டா பொது. டிசிபி மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு குளோனைக் கீழே அனுப்புவதை இன்றைக்கும் ரசிக்கிறேன்.

அப்புறம் ரிட்டர்ன் வேல்யூ. சிதறிய டேட்டாவை ஒரே துண்டாக்கும் எஸ்கேபி லீனியரைஸ் மெமரி கிடைக்காமல் தோற்றால் மைனஸ் இநோமெம் ('மெமரி இல்லை' என்ற எரர் எண்) தரும், பாக்கெட் உங்களிடமே இருக்கும். பேட்டுவின் உள்ளே வேலை செய்யும் எஸ்கேபி பேட் தோற்றாலும் அதே மைனஸ் இநோமெம்தான், ஆனால் பாக்கெட் போயிருக்கும். கேட்ட உதவியையும் செய்யவில்லை, கொடுத்த பொருளையும் எரித்துவிட்டு வந்து நிற்கிறது! முன்னிடத்தைப் பெரிதாக்கிய நகலைத் தரும் ரீஅலாக் ஹெட்ரூம் நல் (வெற்றுப் பாயிண்டர்) கொடுத்தால் பழையது உங்கள் பொறுப்பு. பாக்கெட் பகிரப்பட்டிருந்தால் குளோன் எடுத்துத் தரும் ஷேர் செக் நல் கொடுத்தால் பழையதும் இல்லை. பெயரைப் பார்த்து ஊகிக்க வழியே கிடையாது; சோர்ஸைத் திறந்தால்தான் தெரியும்.

இதில் கொடுமை, இந்தப் பாதைகள் மெமரி தீர்ந்தால்தான் ஓடும். சாதாரண டெஸ்டில் எல்லாம் பச்சை. வேண்டுமென்றே தோல்வியைத் திணிக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷனையும், மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் காசானையும் (KASAN) சேர்த்து ஓட்டினால்தான் பூதம் வெளியே வரும். பேடிங்கே (நிரப்புவதே) வேண்டாம் என்று விடவும் முடியாது. ஈதர்நெட் ஃபிரேம், கடைசியில் வரும் பிழைச் சரிபார்ப்பு பைட்டுகள் (எஃப்சிஎஸ்) நீங்கலாக, 60 பைட்டாவது இருக்க வேண்டும், நிரப்பும் பைட்டுகள் சுத்தமான பூஜ்யமாகவும் இருக்க வேண்டும். பழைய டிரைவர்கள் அங்கே கெர்னல் மெமரியைக் கசியவிட்டதுதான் 2003-இல் வெளிவந்த ஈதர்லீக்.

ஹெட்டர் பைட்டுகளை நேரடியாகப் படிக்கும்படி முன்பகுதிக்குக் கொண்டுவரும் மே புல்லில் ட்ரூ என்றால் வெற்றி, ஹெட்டரை மாற்றி எழுதும்படி தயார் செய்யும் கவ் ஹெட்டில் பூஜ்யம் என்றால் வெற்றி. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பாருங்கள். மே புல்லுக்குப் பிறகு பழைய ஹெட்டர் பாயிண்டர்களை மறுபடி எடுக்க வேண்டும், அது தனிக் கதை.

பாக்கெட்டை அனுப்பும் டிரைவரின் எக்ஸ்மிட் பங்க்ஷனில் ஓகே என்றால் 'அனுப்பிவிட்டேன்' என்று பொருளல்ல, 'இனி இது என் பொறுப்பு' என்றுதான் பொருள். அதனால் பாக்கெட்டைக் கைவிட்டாலும் நீங்களே விடுவித்து, டிராப் கணக்கைக் கூட்டிவிட்டு, ஓகே சொல்ல வேண்டும். பிஸி சொன்னால் தொடவே கூடாது, மேலே இருக்கும் நெட்வொர்க் அடுக்கு மறுபடி முயலும். பாக்கெட்டை டிரைவர் பக்கம் அனுப்பிவைக்கும் டெவ் க்யூ எக்ஸ்மிட்டோ என்ன திருப்பினாலும் பாக்கெட்டை விழுங்கிவிடும். அது பாசிட்டிவ் எண்ணும் தரும்; பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் டிராப் கண்ணில் படாது.

கெர்னல் 5.17-இல் வந்த டிராப் காரணங்களுக்கு மட்டும் மனமாரப் பாராட்டு. பாக்கெட்டைக் கைவிட்டு விடுவிக்கும் கேஃப்ரீ எஸ்கேபியின் ட்ரேஸ்பாயிண்டைத் (கண்காணிப்புப் புள்ளியைத்) திறந்தால் பாக்கெட் எங்கே, ஏன் விழுந்தது என்று தெரிகிறது. வேலையை ஒழுங்காக முடித்த இடத்தில் டிராப்பாகக் கணக்கிடாமல் விடுவிக்கும் கன்ஸ்யூம் எஸ்கேபி போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பட்டியலில் பொய் டிராப்கள் நிறையும்.

எஸ்கேபிக்கு மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வடிவமைப்புக்கு நான்கு கொடுக்கலாம்தான், எனக்கு இன்று மனமில்லை. ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்காமல் விட்டால் கம்பைலரை எச்சரிக்கச் சொல்லும் மஸ்ட் செக் குறி இருக்கிறது. பார்த்துவிட்டு, அப்புறம் தப்பாக விடுவிப்பவனைச் சி கம்பைலர் ஒரு வார்த்தை கேட்பதில்லை.