விரிசல் நீளம் அளக்க: கிளிப் கேஜா, டிசிபிடியா?

வீடு குன்னூரில், சோதனைக்கூடம் கோவையில். எஃகில் சோர்வு விரிசல், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல், எப்படி வளர்கிறது என்று பகுதிநேர முனைவர் ஆய்வு செய்கிறேன். வீட்டில் கேட்டால், மலை ரயிலின் பற்சக்கரத்துக்கு வரக்கூடிய நோயைப் படிக்கிறேன் என்பேன். கல்லாறு தாண்டி 12.5 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் இடத்தில் அந்தப் பற்கள் படும் பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இதே துறைக்கு வரப்போகும் ஊட்டி, கோத்தகிரித் தம்பிகள், "அண்ணா, விரிசல் நீளத்தை எதை வைத்து அளப்பது?" என்று கேட்கிறார்கள். டிராவலிங் மைக்ராஸ்கோப், கிளிப் கேஜ், டிசிபிடி எனப்படும் மின்னழுத்த வீழ்ச்சி முறை என மூன்று வழிகள். நான் எடுத்தது டிசிபிடி. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மைக்ராஸ்கோப் மலிவு. ஆனால் மேற்பரப்பு மட்டுமே தெரியும்; மாதிரியின் (சோதிக்கும் எஃகுத் துண்டின்) உள்ளே விரிசல் இன்னும் முன்னே போயிருக்கலாம். ஆளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுமை ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி; நொடிக்கு 10 சுழற்சி ஓட்டினால் 10 லட்சம் சுழற்சிக்கு ஏறக்குறைய 28 மணி நேரம். விரிசல் நகர மறுக்கும் அளவுக்குச் சுமை குறையும் எல்லையை, அதாவது வாசல் மதிப்பை, நெருங்கும்போது, அவ்வளவு நேரத்திலும் அது வளர்வது 0.1 மி.மீ. அளவுதான். யார் உட்கார்ந்து பார்ப்பது?

கிளிப் கேஜ், விரிசல் தொடங்கும் வெட்டின் வாயில் உள்ள கத்தி முனைகளில் மாட்டிக்கொண்டு, வாய் எவ்வளவு திறக்கிறது என்று காட்டும். விரிசல் நீள நீள மாதிரி இளகும். சுமைக்கும் திறப்புக்கும் உள்ள சரிவிலிருந்து நீளத்தைக் கணக்கிடலாம். மின்சாரம் கடத்தாத பொருளுக்கும் ஆகும். விரிசல் முகங்கள் சுமை இருக்கும்போதே மூடிக்கொள்வதை 1970 வாக்கில் எல்பர் என்ற ஆய்வாளர் எடுத்துச் சொன்னார்; அதையும் இதே சுமை-திறப்பு வளைகோட்டில் பார்க்கலாம். உங்கள் ஆய்வு அதைப் பற்றியது என்றால் மேலே படிக்கவே வேண்டாம், கிளிப் கேஜ்தான்.

டிசிபிடியில் மாதிரி வழியாக நிலையான நேர்மின்னோட்டம் போகும். விரிசலின் இருபுறமும் ஸ்பாட் வெல்டிங் செய்த இரண்டு கம்பிகளில் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். விரிசல் நீண்டால் அது ஏறும். தொல்லைகளும் உண்டு. மாதிரியை, அதைப் பிடித்திருக்கும் இயந்திரத்தின் கிரிப்பிலிருந்து மின்காப்பு செய்ய வேண்டும். கம்பி இணைப்பில் வெப்பத்தால் உண்டாகும் மின்னழுத்தத்தைக் கழிக்க, மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். முகங்கள் ஒட்டிக்கொண்டால் விரிசல் குறைவாகத் தெரியும் என்பதால், உச்சச் சுமையில்தான் அளவெடுக்க வேண்டும்.

விரிசல் மிக மெதுவாகவும் இல்லாமல் மிக வேகமாகவும் இல்லாமல் சீராக வளரும் நடுப்பகுதியில் (பாரிஸ் விதி பொருந்தும் இடம்) இரண்டு முறையும் வளர்ச்சி வேகத்துக்கு ஏறக்குறைய ஒரே கோட்டைத் தரும். எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: ஆள் இல்லாத நேரத்தில் பழுது வந்தால் அது வெளியே தெரியுமா?

ஐப்பசி, கார்த்திகையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கீழே இறங்க முடியாது. கோத்தகிரி வழியும் சில சமயம் கைகொடுக்காது. சோதனையை நிறுத்திவிட்டும் வர முடியாது. நிறுத்தித் தொடங்கினால் வளர்ச்சி வேகம் மாறக்கூடும். இந்தச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் ஈ647 என்ற தர விதிமுறையும் இடைநிறுத்தத்தைக் குறைக்கத்தான் சொல்கிறது. ஆக, இயந்திரம் தனியாக ஓட வேண்டும். கிளிப் கேஜின் பூஜ்யம் நகர்ந்தால் கவலை இல்லை, நமக்கு வேண்டியது சரிவு மட்டும். ஆனால் கத்தி முனை தேய்ந்து உராயத் தொடங்கினால் அந்தச் சரிவே மெல்ல மாறும். அதைப் பார்த்தால் விரிசல் வளர்ந்தது போலவே இருக்கும். வாசல் மதிப்பின் அருகே நாம் தேடுவதே அந்த அளவு சிறிய மாற்றத்தைத்தான்.

டிசிபிடியில் கம்பி விட்டுப்போனால் அளவு கண்டபடி எகிறும், யாருக்கும் புரிந்துவிடும். ஓசைப்படாமல் ஏமாற்றக்கூடியது அறை வெப்பம். எஃகின் மின்தடை அதோடு ஏறி இறங்கும். அதற்கு விரிசலை விட்டுத் தள்ளி இன்னொரு ஜோடி கம்பி வைத்து, இரண்டு அளவுகளின் விகிதத்தை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பராமரிப்பு என்று பார்த்தால், மாதிரிக்கு மாதிரி புதுக் கம்பி வைப்பதுதான்.

நான் எஃகில் மட்டுமே செய்திருக்கிறேன். அலுமினியத்தில் மின்தடை குறைவு, சிக்னலும் சிறுத்துவிடும்; அங்கேயும் இதே தீர்ப்பைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எந்த முறையானாலும், கடைசியில் மாதிரியை உடைத்து, முறிந்த பரப்பில் விரிசல் முனையைப் பல இடங்களில் அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். மைக்ரோவோல்ட் அளவை நம்பகமாக எடுக்கும் கருவி உங்கள் கூடத்தில் இல்லையென்றால், சரி, கிளிப் கேஜோடு தொடங்கலாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கத்தி முனையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.