நிம்ஹான்ஸ், ஓசூர் சாலை: என் மனைவியின் சிகிச்சையும் எங்கள் அனுபவமும்

பெங்களூரில் நம் ஆட்கள் நிறையப் பேர் நிம்ஹான்ஸ் என்ற பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்குமான மத்திய அரசு மருத்துவமனை அது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிக் கிண்டல் செய்வார்களே, அதே கதைதான் இங்கேயும். என் மனைவிக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. சிகிச்சை அங்கேதான் நடக்கிறது. மர்ஃபி டவுனில் எங்கள் தெருக்காரர்களே சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுப் போனார்கள். அப்படிக் கேட்கவும் தயங்குகிறவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

அவளுக்கு 29 வயதில் ஆரம்பித்தது. சமையலறையில் நிற்கும்போது இரண்டு பெண்கள் பேசுவது கேட்குமாம். அவளுக்குக் கன்னடம் அரைகுறைதான், ஆனால் அந்தக் குரல்கள் கன்னடத்தில்தான் பேசின. "வெங்காயம் எடுக்கிறாள், தோலுரிக்கிறாள், கத்தியைக் கீழே வைக்கிறாள்" என்று அவள் செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் பழைய சேலையைக் கிழித்து அடைத்துவைத்தாள். பாலில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று டீ குடிப்பதை நிறுத்தினாள். அப்புறம் குளிப்பதும் தலை வாருவதும் குறைந்தன, யாரோடும் பேச்சும் இல்லை.

முதலில் போன கிளினிக்கில் தூக்கத்துக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன நோய் என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஓர் இடத்தில் ஒரு மண்டலம் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்றார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் கருகிச் செத்ததை நம்மில் யாரால் மறக்க முடியும்? 2017-இன் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. இதைப் பெரியவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நிம்ஹான்ஸில் வலிப்புக்கும் தலைக்காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் வருகிறவர்கள் ஏராளம். அதனால் நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்துத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். முதல் முறை போகும்போது அன்றைய நாள் முழுக்க அங்கேதான் என்று முடிவு செய்துகொண்டு, சாப்பாடும் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஏனென்றால் கதையை ஆதியிலிருந்து கேட்கிறார்கள். பிறந்தது, படித்தது, கல்யாணம், தூக்கம், பசி, சொந்தத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று எல்லாமே கேட்டார்கள். எங்களைப் பார்த்த இளம் டாக்டருக்குத் தமிழ் தெரியும். "அக்கா, அந்தக் குரல் இப்பவும் கேட்குதா? என்ன சொல்லுது?" என்று அவளிடமே கேட்டார். அதுவரை எல்லோரும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டிருந்தார்கள்.

இந்த நோயை ஸ்கேனிலோ ரத்தத்திலோ கண்டுபிடிக்க முடியாது. தைராய்டு மாதிரி வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்யத்தான் பரிசோதனைகள். நோயை அடையாளம் காண்பது பேச்சையும் நடத்தையையும் வைத்துத்தான். ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வரும், பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. உலகத்தில் ஏறக்குறைய 345 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு மாறுவதும் பரம்பரையும் காரணங்களில் சேரும். பிறக்கும்போது ஏற்பட்ட சிக்கல், கஞ்சாப் பழக்கம், கடுமையான மன அழுத்தம் இவையும் அபாயத்தைக் கூட்டும். ஒற்றைக் காரணம் என்று ஒன்று இல்லை.

பரம்பரை என்றதும் என் அம்மாவின் முகம் மாறியது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுதான். அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் போவதில்லை. "ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் அதோடு நின்றது. அந்த ஒரு விளக்கத்துக்கே நான் இந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மருந்தைப் பற்றிப் பெண்கள் இருக்கிற வீட்டார் கவனமாகப் படியுங்கள். ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். சில வாரங்களில் குரல்கள் மங்கின. ஆனால் மாதவிலக்கு நின்றுவிட்டது. என் மாமியார் நல்ல செய்தி என்று நினைத்துக் கோயிலுக்கே போய்விட்டு வந்தார். அது கர்ப்பம் இல்லை. அந்த மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும், அதனால் விலக்கு தள்ளிப்போகும். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு அரிபிப்ரசோலுக்கு மாற்றினார், கொஞ்ச நாளில் சரியாயிற்று. கைநடுக்கம், எடை கூடுவது, ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு எல்லாம் இந்த மருந்துகளில் வரக்கூடியவை. எது வந்தாலும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. பயந்து நீங்களாக நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். முதல் தடவை வந்தவர்களுக்கே குணம் தெரிந்த பிறகு ஒன்றிரண்டு வருடமாவது மருந்து தொடர வேண்டும், பலருக்கு அதற்கு மேலும். தினமும் மாத்திரை போட மறுக்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. மற்ற மருந்துகள் கேட்காதபோது க்ளோசபின் கொடுப்பார்கள், அதற்கு ரத்த அணுக்களை ஒழுங்காகப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே பேசிவிடச் சொன்னார்கள். தாயையும் கைக்குழந்தையையும் சேர்த்தே அட்மிட் செய்யும் பிரிவு அங்கே 2009-இலிருந்து இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவதுதான். அட்மிஷன் நாட்களில் நான் வார்டில் கூடவே தங்கினேன். சமூகப் பணியாளர் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: குரல் கேட்கிறது என்றால் "அதெல்லாம் பொய்" என்று சண்டை போடாதீர்கள், "ஆமா, எனக்கும் கேட்குது" என்றும் சொல்லாதீர்கள். "உனக்குக் கேட்குது, எனக்குக் கேட்கலை, உனக்குப் பயமா இருக்கும்ல" என்று சொல்லுங்கள். அன்று இரவே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

குரல்கள் போன பிறகும் அவள் மணிக்கணக்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்றார்கள். அதுவும் நோயின் ஓர் அறிகுறிதான், மாத்திரைக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்காது என்று அதே அம்மாதான் விளக்கினார். திட்டலும் குத்தலும் நிறைந்த வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்றார். மறுவாழ்வுப் பிரிவில் பேக்கரி, தையல், தோட்ட வேலை என்று பயிற்சிகள் உண்டு. அவள் தையலுக்குப் போனாள். நேராக ஒரு தையல் போடவே நாளாயிற்று, நூல் அறுந்துகொண்டே இருந்தது. இப்போது வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள், காசும் கறாராக வாங்குகிறாள். அங்கே பயிற்சியில் இருப்பவர்கள் செய்யும் பன்னும் ரொட்டியும் விற்பனைக்கு உண்டு. போனால் கட்டாயம் வாங்குங்கள், பன் பஞ்சு மாதிரி இருக்கும்.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் போங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான அட்டை இருந்தால் அதையும், சலுகை உண்டு. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவர் கூட வருவது நல்லது. இரவில் நிலைமை கட்டுமீறினால் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. உடனே கிளம்ப முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது மத்திய அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் கூப்பிடலாம்.