ஸ்லைடரா, கிராஷ் பாரா: நெல் காயும் றோட்டில் எது நிற்கும்?

பெரும்போக அறுவடை நேரம், மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம். றோட்டின் பாதியில் நெல் காய்கிறது, மிச்சப் பாதியில் எதிரே உழவு இயந்திரம் வருகிறது. பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். முன்சில்லு நெல்லுக்குள் வழுக்கி, பைக் இடப்பக்கமாகப் படுத்துவிட்டது. வேகம் 20க்கு மேல் இருந்திருக்காது. ஓடிவந்த நெல்லுக்காரர் முதலில் பார்த்தது என்னையா நெல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

பெற்றோல் டாங்கியில் கீறல் இல்லை. கிளச் லீவரின் நுனி மட்டும் உடைந்திருந்தது. விழுந்தால் பைக்கைத் தாங்கட்டும் என்று எஞ்சின் பக்கத்தில் பூட்டியிருந்த நைலோன் குற்றி, அதாவது ஸ்லைடர், ஒரு ஓரம் தேய்ந்து தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்த போல்ட் பின்பக்கமாக வளைந்துபோயிருந்தது. வளைந்த போல்ட் துளைக்குள்ளால் வெளியே வராது. "மறுகா எதுக்கு தம்பி இவ்வளவு நீளமாப் போட்டநீ?" என்று கேட்டபடியே கராஜ் அண்ணன் கிரைண்டரை எடுத்தார். அறுத்து, தட்டி, ஒரு வழியாக உருவி எடுக்க அரை நாள் போனது. டாங்கிக்கு மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது.

அந்த அரை நாளில்தான் ஸ்லைடரையும் கிராஷ் பாரையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. விலையை எழுதவில்லை. நம் நாட்டில் பைக் சாமான் விலையை எழுதினால் வாசிக்கும்போது அது பழைய விலையாகிவிடும்.

ஸ்லைடர் என்பது எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நீளமான போல்ட்டோடு பூட்டும் ஒரு பிளாஸ்டிக் குற்றி. பைக் விழுந்தால் இந்தக் குற்றியிலும் ஹேண்டில் முனையிலும் மிதிகட்டையிலும் தாங்கி நிற்கும். எஞ்சின் மூடி தரையில் உரசாது. இது பந்தயத் தடங்களில் பேர்பெற்ற சாமான். அங்கே தார் மேசை மாதிரி இருக்கும், விழுந்த பைக் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். நம் றோட்டில் தாரை விட்டு ஒரு முழம் விலகினால் கிறவல், கரையோரம் என்றால் மணல். வேகமாக வழுக்கும் பைக்கின் குற்றி அதற்குள் குத்தினால், அந்த இடத்தையே ஊன்றுகோலாக வைத்துப் பைக் குட்டிக்கரணம் அடிக்கலாம். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வழியில் காற்று மணலைத் தார்மேல் கொண்டுவந்து கொட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கிராஷ் பார் வேறு சாதி. இரும்புக் குழாயை வளைத்து எஞ்சினைச் சுற்றி இரண்டு, மூன்று இடத்தில் பூட்டுவது. அகலமாகத் தாங்குவதால் மெதுவான விழுகைக்கு இதுதான் ராசா. கடை வாசலில் ஸ்டாண்ட் மண்ணில் புதைந்து சாய்கிற பைக், சந்தை நெரிசலில் முச்சக்கர வண்டி இடித்துத் தள்ளுகிற பைக், பின்னால் இரண்டு மூட்டையோடு யூ-டேர்ன் எடுக்கும்போது கவிழ்கிற பைக், இதற்கெல்லாம் பார்தான். பைக் முழுதாய்த் தரையில் படுக்காததால் கால் அடியில் நசுங்கும் வாய்ப்பும் குறைவு. தூக்கி நிமிர்த்துவதும் சுலபம்.

அதற்காக "பார் இருந்தால் கால் தப்பும்" என்று விற்கிறவர் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்தது. கிராஷ் பார் கணுக்காலிலும் பாதத்திலும் காயத்தைக் குறைக்கிறது, ஆனால் முழங்காலிலும் தொடையிலும் கீழ்க்காலிலும் காயம் கூடி அந்த லாபத்தைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆக, இரண்டுமே பைக்கைக் காப்பாற்றும் சாமான்கள். காலுக்குச் சப்பாத்து, தலைக்கு ஹெல்மெட். பாட்டாச் செருப்போடு ஓடிக்கொண்டு எதைப் பூட்டினாலும் ஒன்றுதான்.

பாருக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. கல்லடியில் கடலுக்குப் பக்கம் வீடு உள்ள என் மச்சானின் பாரில் வெளியே பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் கழுவும்போது ஒட்டு போட்ட மூலையில் விரலால் அழுத்தினான், விரல் உள்ளே போய்விட்டது. குழாயின் வாயை மூடாமல் விட்டதால் மாரி மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, உள்ளிருந்தே தின்றிருக்கிறது. பார் வாங்கும்போது குழாய் முனைகள் அடைத்திருக்கிறதா, அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். யூ வடிவக் கிளாம்ப்பை மட்டும் நம்பிச் சட்டக் குழாயில் தொங்குகிற பாரையும் தவிருங்கள். அது அதிர்வில் நழுவும், பலமான அடி விழுந்தால் சட்டத்தையே நெளிக்கும்.

இனி ஸ்லைடரின் உள்விஷயம். குற்றியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், போல்ட்டைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். என் பிழையும் அங்கேதான். கடைக்காரக் காக்கா டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் நல்ல குற்றி காட்டினார், எனக்கு லேத்தில் கடைந்த நைலோனே போதும் என்று தோன்றியது. நைலோன் தண்ணீர் குடித்து ஊதும், டெல்ரின் அவ்வளவாகக் குடிக்காது. மாரியில் நனைகிற பைக்குக்கு அது ஒரு வித்தியாசம். ஆனாலும் நைலோனால் எனக்குக் கேடு வரவில்லை. துருப்பிடிக்காது என்று ஆசைப்பட்டுப் போட்ட ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் காலை வாரியது.

போல்ட் தலையில் 8.8 என்று குத்தியிருந்தால், அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு சதுர மில்லிமீற்றருக்கு 640 நியூட்டன். ஹாட்வெயாரில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸுக்கு அது 450தான். பளபளப்புக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. 8.8 அல்லது அதைவிடப் பலமான 10.9 போட்டு, தலையில் கிறீஸ் பூசி வைத்தால் கடற்கரையிலும் தாக்குப்பிடிக்கும். அடுத்தது புரி. ஜப்பான் பைக்குகளில் 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர் இடைவெளிப் புரிதான் வரும். ஹாட்வெயாரில் தூக்கித் தருவது 1.5. முதல் இரண்டு சுற்று இரண்டும் ஒன்றுபோலவே ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பானரைப் போட்டு உந்தினால் எஞ்சினின் புரி போய்விடும். கழற்றிய பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதுதான் ஒரே வழி.

குற்றி எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ அவ்வளவுக்கு நெம்புகோலும் நீளம். எஞ்சின் மூடியைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போதும். என்னுடையது நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தது, பார்க்க நல்ல எடுப்பு.

பூட்டும்போது எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜக்கால் லேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். என் யமஹா எஃப்இசட் போன்ற டயமண்ட் சட்டப் பைக்குகளில் எஞ்சினே சட்டத்தின் ஒரு பாகம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றினால் எஞ்சின் இறங்கி, துளைகள் நேர் தப்பிவிடும். பழையதை வெளியே தள்ளும்போதே புதியதைப் பின்னால் விட்டுக்கொண்டு போக வேண்டும். புரியில் நீல லொக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. இறுக்கத்துக்குக் கைக்கணக்கு வேண்டாம், பைக்கின் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். கராஜில் அது இல்லையென்றால் இருக்கிற கராஜுக்குப் போங்கள்.

யமஹா ஆர்15 மாதிரி பிளாஸ்டிக்கால் முழு உடுப்புப் போட்ட பைக்குகளில் பார் பூட்ட வசதியும் இல்லை, வடிவும் இல்லை. ஸ்லைடர்தான். பிளாஸ்டிக்கை வெட்டாமல் பூட்டுகிற மாதிரியில் இடையில் ஒரு வளைந்த இரும்புத் துண்டு வரும், அடி விழுந்தால் முதலில் மடிவது அதுதான். வெட்டிப் பூட்டுவது பலம், விற்கும்போது வாங்குகிறவர் முகம் சுளிப்பார். என் பைக் என்றால் வெட்டுவேன்.

முன்சில்லு ஃபோர்க்கின் அச்சில் பூட்டுகிற சின்னக் குற்றிகள், ஹேண்டில் முனைப் பாரக்கட்டைகள் எல்லாம் மலிவு, இருந்தால் நல்லது. அலுமினியக் குற்றி மட்டும் வேண்டாம். அது வழுக்காமல் தாரைக் கடிக்கும்.

படுவான்கரைக்கு வயல் வேலையாகப் போய்வரும் சீடி 100, பல்சர், டிஸ்கவர்காரர்களுக்கு நான் பாரைத்தான் சொல்வேன், யோசிக்கவே தேவையில்லை. என் எஃப்இசட்டில் மறுபடியும் ஸ்லைடர்தான் போட்டிருக்கிறேன். இந்தமுறை டெல்ரின், இரண்டு விரல் நீளம், 10.9 போல்ட். முதல் 500 கிலோமீற்றரில் திறந்து பார்த்தபோது இடப்பக்கம் கால் சுற்று தளர்ந்திருந்தது. வலப்பக்கம் அசையவில்லை.